கியாரி அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் நாட்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பர்களே,



கியாரி என்னும் கோளாறுக்காக நமது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை பெற்ற ஒரு சகோதரிக்காக ஜெபிக்கும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். உங்களில் அநேகர் அன்போடு கடிதம் எழுதினீர்கள். எல்லாக் கடிதங்களிலும் கேள்வி ஒன்றுதான்: "அந்தச் சகோதரி இப்போது பூரண சுகமாகிவிட்டாரா?"

ஆம் என்று ஒரே வார்த்தையில் பதில் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது முழு உண்மையாகாது. இல்லை என்று எழுதினால் அதுவும் உண்மையாகாது. ஆகையால் இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பின்வரும் நாட்கள் எப்படியிருக்கும் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. நம் டாக்டர்களும் சிஸ்டர்களும் நோயாளிகளுக்குச் சொல்வதைப் படுக்கையருகே நின்று பல வருடங்களாகக் கேட்டு வருகிறவன். அவர்களிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே இதை உங்களுக்கு அனுப்புகிறேன்.

கியாரி என்றால் என்ன?

நமது மண்டையோட்டின் அடியில் ஒரு பெரிய துவாரம் உண்டு. மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் அதன் வழியாகத்தான் முதுகெலும்புக்குள் செல்கிறது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சமயத்தில் நம் உடலில் இருப்பது ஏறக்குறைய 150 மில்லி. ஆனால் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லி புதிதாகச் சுரந்து, பழையது இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

சிலருக்குச் சிறுமூளையின் அடிப்பாகம் இந்தத் துவாரத்தின் வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. சாதாரணமாக 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் அதைக் கியாரி என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஹான்ஸ் கியாரி என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1891ஆம் ஆண்டு இதை விவரித்து எழுதியதால் அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. செம்பின் கழுத்தில் துணியை அடைத்தாற்போல், இறங்கிய அந்தப் பாகம் நீரோட்டத்தைத் தடுக்கிறது. இருமினால், தும்மினால், சிரித்தால், முக்கினால் பிடரியில் வெட்டுவது போன்ற வலி வருகிறது. நடையில் தள்ளாட்டம், விழுங்குவதில் சிரமம், கைகளில் மரத்துப்போதல் ஆகியவையும் உண்டாகலாம். சிலருக்குத் தண்டுவடத்தின் உள்ளேயே நீர் தேங்கி ஒரு குழாய்போல் ஆகிவிடுகிறது. அப்போது கைகளில் சூடும் வலியும் தெரியாமற்போகும்.

நாம் ஜெபித்த சகோதரி தென்காசிப் பக்கத்தைச் சேர்ந்தவர். பீடி சுற்றுவது அவருடைய தொழில். இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். ஒருநாள் அடுப்பிலிருந்து பாலை இறக்கியபோது, பெரிய மகள் அலறின பிறகுதான் தம் விரல்கள் வெந்துபோயிருப்பதை அவர் கண்டார். கழுத்து எலும்புத் தேய்வு என்று சொல்லி மூன்று வருடங்களாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகே உண்மையான காரணம் தெரியவந்தது.

ஸ்கேனில் கியாரி இருப்பதாகத் தெரிந்த எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. தொந்தரவு இல்லாதவர்களை டாக்டர்கள் கவனித்து வருவதோடு நிறுத்திக்கொள்வார்கள். தொந்தரவு அதிகரிக்கிறவர்களுக்கும், தண்டுவடத்தில் நீர் தேங்கினவர்களுக்குமே பெரும்பாலும் கத்தி வைக்கிறார்கள்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

"மூளை ஆபரேஷன்" என்றதும் குடும்பமே நடுங்கிவிடுகிறது. உண்மையில் இங்கே செய்வது இடத்தை விசாலமாக்கும் வேலை. நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, பிடரியிலிருந்து கழுத்தின் மேற்பகுதி வரை நடுவில் கீறுகிறார்கள். துவாரத்தின் ஓரத்திலுள்ள எலும்பில் ஒரு சிறு பகுதியையும், கழுத்தின் முதல் எலும்பினுடைய பின்வளைவையும் எடுத்துவிடுகிறார்கள். பலருக்கு மூளையைச் சுற்றியுள்ள உறையைத் திறந்து, ஓர் ஒட்டுத் துணி வைத்துத் தைத்து, உறையைப் பெரிதாக்குகிறார்கள். நெருக்கம் நீங்கினதும் நீர் மறுபடியும் ஓடத் தொடங்குகிறது. எடுத்த எலும்பைத் திரும்ப வைப்பதில்லை. கழுத்தின் தடித்த தசைகளே அந்த இடத்தை மூடிக் காக்கின்றன.

இந்தியாவில் முதலாவது நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். அன்று பெரிய அதிசயமாயிருந்த காரியங்கள் இன்று நம்மைப் போன்ற இடங்களிலும் நடைபெறுவதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம்.

முதல் வாரம்

முதல் இரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் கழியும். சிஸ்டர் அடிக்கடி எழுப்பிப் பெயரைக் கேட்பார், கையை அழுத்திப் பிடிக்கச் சொல்வார், கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார். தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்களே என்று உறவினர்கள் வருத்தப்படுவதுண்டு. அது தொந்தரவு அல்ல, காவல்.

முதல் மூன்று நாட்கள் கடினமானவை. பிடரியிலும் கழுத்திலும் கடும் வலி இருக்கும். தசைகள் பலகைபோல் இறுகிவிடும். தலைசுற்றலும் வாந்தியும் அநேகருக்கு வரும். பழைய வலியைவிட இது அதிகமாயிருக்கிறதே, ஆபரேஷன் தோற்றுப்போயிற்றோ என்று பயப்படுகிறார்கள். இது வெட்டின தசையின் வலி. மருந்துக்குக் கட்டுப்படும், நாளுக்கு நாள் குறையும். பெரும்பாலும் இரண்டாம் நாளே கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைப்பார்கள். பிறகு வார்டுக்குள் நடக்கவைப்பார்கள். படுக்கையிலிருந்து நேராக எழும்பக்கூடாது. ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி, மெதுவாக எழுந்து உட்கார வேண்டும்.

சிலர் ஐந்தாம் நாளிலேயே வீட்டுக்குப் போகலாம். வேறு சிலருக்கு ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ ஆகும். ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் தையல் பிரிப்பார்கள்.

வீட்டில் வரும் ஆறு வாரங்கள்

உண்மையான சோதனை வீட்டில்தான். மருத்துவமனையில் பெல் அடித்தால் சிஸ்டர் வருவார். வீட்டில் தண்ணீர்க்குடம் காத்திருக்கிறது, துவைக்கத் துணி காத்திருக்கிறது. தையல் பிரித்த மறுநாளே, "இனி என்ன, எல்லாம் முடிந்தது" என்று வீட்டார் எண்ணுகிறார்கள். சென்ற மாதம் ஒரு கணவர் என்னிடம், "ஐயா, ஆபரேஷன்தான் முடிஞ்சிட்டே, இன்னும் ஏன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டே உட்காந்திருக்கா?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார்.

நம் டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லுகிறவை இவை:

பாரம் தூக்கக் கூடாது. முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு சிறு பாத்திரம் தண்ணீருக்கு மேல் தூக்க வேண்டாம். குடம், அரிசி மூட்டை, குழந்தை, எதுவானாலும் கூடாது. குழந்தையை வேறொருவர் மடியில் வைக்கலாம்.

குனியக் கூடாது. வாசல் பெருக்குவது, குந்தியிருந்து துணி துவைப்பது, கீழே உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாம் காத்திருக்கட்டும். முழங்காற்படியிட்டுத் தலைகுனிந்து ஜெபிப்பதும் அப்படியே. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்கிற ஜெபத்தையும் கர்த்தர் கேட்கிறார் என்று இதை மட்டும் நான் என் வாயாலேயே சொல்லி அனுப்புகிறேன்.

முக்கக் கூடாது. மலச்சிக்கல் சிறிய காரியம் அல்ல. முக்கும்போது தலைக்குள் அழுத்தம் கூடும். வலி மாத்திரைகளில் சில மலத்தைக் கட்டும். நிறையத் தண்ணீரும், கீரையும், பழமும் சாப்பிட வேண்டும். முடிந்தால் நாற்காலி போன்ற கழிப்பறையைப் பயன்படுத்த வேண்டும். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

நடக்க வேண்டும். படுத்தே கிடப்பது நல்லதல்ல. காலையிலும் மாலையிலும் சமதரையில் சிறிது தூரம் நடந்து, வாரந்தோறும் கொஞ்சம் கூட்டலாம். கழுத்தை அசைக்கவே பயந்து விறைப்பாக வைத்திருந்தால் அது அப்படியே இறுகிவிடும். பிசியோதெரபி பிரிவில் கற்றுக்கொடுத்த அளவுக்கு மெதுவாகத் திருப்ப வேண்டும்.

சுளுக்கு எடுக்கிறவரிடம் போகவே கூடாது. கழுத்து வலிக்கிறது என்றதும் நீவிவிடவும், சொடுக்கு எடுக்கவும் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்துவிடுவார். எலும்பு எடுத்த இடத்தில் கழுத்தைத் திருகுவது பேராபத்து. ஆறாத காயத்தின்மேல் எண்ணெய், மஞ்சள், மூலிகை எதுவும் பூச வேண்டாம்.

இருசக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக்கொண்டு போக வேண்டாம். பஸ்ஸில் வந்தே ஆகவேண்டுமானால் பின்சக்கரத்துக்கு மேலுள்ள இருக்கையைத் தவிர்க்க வேண்டும்.

களைப்பைப்பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு தலைவாரிப் பின்னல் போட்ட பிறகு ஒரு மணி நேரம் படுக்க வேண்டியிருக்கும். ஒருநாள் நன்றாயிருந்து, மறுநாள் வலி திரும்பும். மூன்றாம் நான்காம் வாரத்தில் காரணமில்லாமல் கண்ணீர் வரும். இவையெல்லாம் வழியிலுள்ள மேடுபள்ளங்கள். மேசைமேல் வைத்துச் செய்யும் இலேசான வேலைக்குச் சிலர் ஆறு வாரத்தில் திரும்புகிறார்கள். உடலுழைப்பு வேலைக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

நான் செய்த தவறு

இனி எழுதப்போவதை எழுத எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆயினும் இது பலருக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பல வருடங்களுக்கு முன், கட்டட வேலை செய்யும் ஒரு வாலிபனுக்கு இந்த அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் அவன் தானாக நடந்து சிற்றாலயத்துக்கு வந்தான். எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆராதனையில் அவனை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லச் சொன்னேன். "கர்த்தர் எனக்குப் பூரண சுகம் கொடுத்தார்" என்று அவன் சொன்னான். எல்லாரும் ஸ்தோத்திரம் பண்ணினோம். மறுநாள் வீட்டுக்குப் போனான்.

இரண்டாம் வாரத்தில் அவனுடைய காயத்திலிருந்து தெளிந்த நீர் கசியத் தொடங்கியது. காலையில் எழும்போது தலையணை நனைந்திருந்தது. தாயார் வியர்வை என்று எண்ணினார்கள். தலைவலி கூடிற்று. அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் கடும் காய்ச்சலோடும் விறைத்த கழுத்தோடும் நினைவு தப்பின நிலையில் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூளை உறையில் கிருமி பிடித்திருந்தது. மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கசிவை அடைத்தார்கள். பல நாட்கள் நரம்பு வழியாக மருந்து ஏறியது. தேவ கிருபையால் பிழைத்தான்.

நினைவு தெளிந்தபின் அவனிடம், "தம்பி, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சபைக்கு முன்னாடி சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்லிட்டேனே, ஐயா. அப்புறம் வலிக்குன்னு எப்படிச் சொல்ல?" என்றான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீர் கசிந்தது இந்தச் சிகிச்சையில் சிலருக்கு நேரிடக்கூடிய ஒரு சிக்கல். அதற்கு யாரும் பொறுப்பல்ல. ஆனால் அவன் நான்கு நாட்கள் வாய்மூடியிருந்ததற்குப் பொறுப்பு நானே. சுகத்துக்கு நாள் குறித்தது நான். வலிப்பதாகச் சொன்னால் அவிசுவாசம் என்று எண்ணும்படி செய்ததும் நான். வேதாகமக் கல்லூரியில் பிரசங்கம் செய்யக் கற்றுக்கொண்டேன். நோயாளியின் வாயை அடைக்காமலிருக்க அந்த வாலிபனிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மாற்கு சுவிசேஷத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனின் சம்பவம் உண்டு. ஆண்டவர் தொட்டபின் அவனுக்குப் பார்வை வந்தது, ஆனால் தெளிவாயில்லை. என்ன காண்கிறாய் என்று ஆண்டவரே அவனிடம் விசாரித்தார். அவன் மங்கலாகத்தான் தெரிகிறது என்பதை மறைக்காமல் சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் தொட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னவனுக்கே இரண்டாம் தொடுதல் கிடைத்தது. இந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருந்த நான், அந்த வாலிபனின் கட்டிலருகில்தான் இதை விளங்கிக்கொண்டேன்.

அதுமுதல் மூன்றாம் மாதப் பரிசோதனை முடியும்வரை எந்த நோயாளியையும் நான் சாட்சிக்கு அழைப்பதில்லை. வீட்டுக்குப் போகும் முந்தின மாலை, நோயாளியையும் வீட்டாரையும் உட்காரவைத்து, சிஸ்டர் ஆபத்தின் அடையாளங்களை வாசிக்கிறார். அவற்றை நீங்களும் அறிந்திருப்பது நல்லது:

காயத்திலிருந்தோ, மூக்கிலிருந்தோ தெளிந்த நீர் வருதல், தலையணை நனைந்திருத்தல். காயத்தின் கீழ் வீக்கம் பெருத்தல், சிவத்தல், சீழ் வைத்தல். காய்ச்சலோடு கழுத்து விறைத்தல். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, ஓயாத வாந்தி. மிஞ்சின தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம். கை கால்களில் புதிதாக வந்த பலவீனம், விழுங்கும்போது புரையேறுதல், மூச்சுத் திணறல்.

இவற்றில் ஒன்று கண்டாலும் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். இரவானால் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாசித்து முடித்தபின் நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்லுகிறேன்: "வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் விசுவாசம் குறைந்துபோகாது."

எது குணமாகும், எது நிற்கும்?

இருமும்போது வரும் பிடரி வலி பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறைகிறது. சிலருக்குச் சில நாட்களிலேயே அது தெரிகிறது. தள்ளாட்டமும் விழுங்கும் சிரமமும் மெதுவாகத் தேறுகின்றன. தண்டுவடத்தில் தேங்கிய நீர் வற்றுவதற்கு மாதங்கள் ஆகும். அதற்காகவே மூன்று அல்லது ஆறு மாதங்கள் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

ஆனால் நெடுநாள் மரத்துப்போன விரல்களுக்கு உணர்வு முழுவதும் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மெலிந்துபோன தசையும் அப்படியே. இன்னும் கெட்டுப்போகாமல் நிறுத்துவதே இந்தச் சிகிச்சையின் முதல் நோக்கம். அதற்கு மேல் திரும்பக் கிடைப்பதெல்லாம் கூடுதல் நன்மை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கிடைத்த நன்மையும் நோயாளியின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மரத்த கைகளைப்பற்றி மிஷன் மருத்துவமனைகளுக்குப் பழைய அனுபவம் உண்டு. 1946ஆம் ஆண்டு வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிந்துபோவதற்கு முக்கிய காரணம் வலி தெரியாமையே என்று எடுத்துக்காட்டினார். வலி தெரியாததால் காயம் தெரிவதில்லை. அந்த நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்ததையே நம் சிஸ்டர்கள் இவர்களுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். சூடான பாத்திரத்தைத் தடித்த துணியில்லாமல் தொடக்கூடாது. ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நம் சகோதரியின் செய்தி

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் சகோதரிக்கு அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இருமினால் வந்த வலி நின்றுவிட்டது. நடை நேராகிவிட்டது. மூன்றாம் மாத ஸ்கேனில் தண்டுவடத்தின் நீர் குறையத் தொடங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். வலது கையின் இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. தினமும் இரவில் சின்ன மகள் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறாளாம்.

குனிந்து மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுவது அவருக்கு இனி ஆகாது. நமது தச்சு வேலைப் பிரிவில் ஒரு சாய்வுப் பலகை செய்து, மேசைமேல் மார்பளவு உயரத்தில் வைத்துக்கொள்ளக் கொடுத்தோம். முன்பு சுற்றினதில் பாதி அளவுதான் இப்போது முடிகிறது. கணவர், முதல் மாதத்தில் பயந்தவர்தான், இப்போது குடத்தைத் தாமே தூக்குகிறார். தெருவில் சிலர் சிரித்தார்களாம். "சிரிக்கட்டும், ஐயா" என்றார்.

அன்பான நண்பர்களே, காப்பீட்டு அட்டை உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பல பெரிய அறுவை சிகிச்சைகளுக்கு உதவுகிறது. அதற்காக நன்றி சொல்லுகிறோம். ஆனால் கூலி நின்றுபோன மூன்று மாதங்களுக்கும், மறுபரிசோதனைக்கு வரும் பயணத்துக்கும், துணைக்கு வருகிறவரின் சாப்பாட்டுக்கும், ஒரு சாய்வுப் பலகைக்கும் அட்டை கிடையாது. உங்கள் காணிக்கை அங்கேதான் போய்ச் சேருகிறது. ஆபரேஷன் தியேட்டரின் நான்கு மணி நேரத்தைப்பற்றி எழுதுவது எளிது. அதன்பின் வரும் நூறு நாட்களையும் தாங்குகிறவர்கள் நீங்களே.

தயவுசெய்து இவற்றுக்காக ஜெபியுங்கள்:

நம் சகோதரியின் விரல்களுக்காகவும், ஆறாம் மாதத்தில் நடக்கவிருக்கும் பரிசோதனைக்காகவும்.

இப்போது வார்டில் இதே சிகிச்சைக்குப் பின் படுத்திருக்கும் ஒரு பள்ளி மாணவிக்காகவும், அவளருகே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்காகவும்.

அந்தக் கட்டடத் தொழிலாளி வாலிபனுக்காகவும். அவர் இன்று ஒரு சிமெண்ட் கடையில் கணக்கு எழுதுகிறார். வருடத்துக்கு ஒருமுறை என்னைப் பார்க்க வருவார். அவரைப்பற்றி எழுத அனுமதி கேட்டபோது, "எழுதுங்க ஐயா, இன்னொருத்தன் மறைக்காம இருப்பான்" என்று சொன்னார்.

நீங்கள் அடுத்த கடிதத்தில், "சுகமாகிவிட்டாரா?" என்பதோடு, "இன்று எப்படியிருக்கிறார்?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் எழுத எங்களால் எப்போதும் முடியும்.

சமாதானத்தின் தேவன் உங்களோடும் உங்கள் வீட்டாரோடும் இருப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்